மாவலிபுரத்துக் கடலடியில் சாகாத மனிதன்

(நவம்பர் மாத வானொலி மறையுரை. பத்து நிமிடத்தில் பேசியதை வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



நவம்பர் பிறந்தால் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றி, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் செபிக்கிறோம். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. வாசிக்கிற குருவுக்கும் வயது கூடுகிறது. போன ஆண்டு நமக்குப் பக்கத்தில் நின்று திரி ஏற்றியவரின் பெயரை இந்த ஆண்டு பட்டியலில் வாசிக்கும்போது குரல் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

ஆனால் இந்த மறையுரைக்குக் காரணம் இறந்தவர் ஒருவர் அல்ல, இறக்காமல் இருக்கும் ஒருவர். நம் பங்கில் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டி. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. முதல் வெள்ளி தோறும் நற்கருணை கொண்டுபோவேன். ஒரு முறை நற்கருணை வாங்கி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் சாமி, எமன் எல்லா வீட்டுக்கும் வர்றான் போறான். எங்க வீட்டு வழி மட்டும் அவனுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. "செபம் பண்ணுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதில் தெரியாத குருக்கள் எல்லாரும் சொல்வது அதுதான்.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழைய கற்பனைக் கதை. சாக முடியாத ஒரு மனிதனின் கதை. அது நடப்பதாகச் சொல்லப்படும் இடங்களில் ஒன்று நம் ஊரப்பாக்கத்திலிருந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மாமல்லபுரத்துக் கடல். எழுதியவர் இந்தியாவையே பார்த்திராத ஓர் ஆங்கிலேயர். அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் உள்ள ஊரின் சரியான பெயர் மாமல்லபுரம். மாமல்லன் என்பது ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர். பல்லவர்கள் போய்ப் பல நூறு ஆண்டுகள் ஆன பிறகு அந்த மன்னனை மக்கள் மறந்துவிட்டார்கள். மாமல்லன் மாவலி ஆனான். மாவலி யார் என்று கேட்டால், வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்துப் பாதாளம் போன மகாபலிச் சக்கரவர்த்தி. சாவே இல்லாத சிரஞ்சீவிகளில் ஒருவர் என்று இந்து சமய மரபு சொல்பவர். அங்குள்ள வராக மண்டபத்துச் சுவரில் உலகளந்த காட்சி செதுக்கப்பட்டிருப்பதும் பெயர் மாற்றத்துக்குத் துணை செய்திருக்கலாம். செத்துப்போன ஓர் அரசனின் ஊர் இப்படிச் சாகாத ஓர் அரசனின் ஊராக மாறியது. எழுத்துப்பிழை மாதிரி ஒரு சின்ன மாற்றம்தான். அதன் விளைவு லண்டன் வரை போயிற்று.

1772-இலும் 1776-இலும் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த ஊருக்கு வந்தார். பாறைகளையும் சிற்பங்களையும் பார்த்தார். ஊர்க்காரர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுக்கொண்டார். பின்னாளில் அவற்றை நினைவிலிருந்து ஒரு கட்டுரையாக எழுதினார். கல்கத்தாவின் ஆசியக் கழகம் 1788-இல் வெளியிட்ட தன் ஆய்வுத் தொகுப்பின் முதல் தொகுதியில் அது அச்சாயிற்று. அதில் மாவலியின் வழியில் வந்த ஓர் அரசனின் கதை வருகிறது. தேவலோகப் பெண் ஒருத்தி அவன்மேல் காதல் கொண்டு, மாறுவேடத்தில் அவனை இந்திரசபைக்கு அழைத்துப்போகிறாள். அங்கே கண்ட அழகையெல்லாம் திரும்பி வந்து தன் ஊரில் கட்டிவிடுகிறான். பூமியில் இப்படி ஓர் ஊரா என்று தேவர்கள் பொறாமைப்பட்டு, கடலை ஏவி ஊரை மூழ்கடித்துவிடுகிறார்கள். ஊரின் வயதானவர்கள் இன்னொன்றும் சொன்னதாகச் சேம்பர்ஸ் எழுதுகிறார். கடலுக்குள்ளே தொலைவில் கோயில் உச்சிகள் தெரிந்ததுண்டாம். அவற்றின்மேல் போர்த்தியிருந்த செப்புத் தகடு சூரியன் எழும்போது பளபளத்ததாம். சேம்பர்ஸ் விசாரித்த காலத்தில் அது தெரியவில்லை. எப்போதும் அப்படித்தானே, அதிசயங்கள் நாம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரை ராபர்ட் சௌதே என்ற இளம் கவிஞரின் கையில் கிடைத்தது. 1774-இல் பிறந்தவர், 1813-இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனவர். இன்று அவரது பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் நம் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பில் சொல்லித்தரும் மூன்று கரடிகளின் கதையை 1837-இல் அச்சிட்டவர் அவர்தான். அப்போது கதையில் சிறுமி இல்லை, ஒரு கிழவிதான் இருந்தாள். அந்தச் சௌதே 1801 வாக்கில் தொடங்கி 1809-இல் முடித்து, 1810-இல் வெளியிட்ட நீண்ட கவிதைக் கதைக்குப் பெயர் 'கெகாமாவின் சாபம்'.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதர் நமக்கும் நண்பர் அல்லர், நம் இந்துச் சகோதரர்களுக்கும் நண்பர் அல்லர். இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகள் கொடுப்பதைக் கடைசிவரை எதிர்த்தவர். தம் நூலின் முன்னுரையில் இந்து சமயத்தைப் பற்றி மிகக் கடுமையாகவும் அநியாயமாகவும் எழுதியிருக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்து வளர்ந்த நாம் அந்த முன்னுரையைத் தள்ளிவிடலாம், தள்ளிவிடவும் வேண்டும். கதையைத் தள்ள வேண்டியதில்லை. சில நேரம் ஒருவர் எழுதிய கதை அவரைவிட நல்லதாக இருக்கிறது.

அந்தக் கதையின் பெயர்களைப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். ஏழைகளின் தெய்வமாக ஒரு 'மாரியாத்தலி' வருகிறாள். வேறு யாருமில்லை, நம் தெருமுனை மாரியாத்தாள்தான். வழிப்போக்கர்கள் கும்பிடும் 'பொல்லேயர்' நம் பிள்ளையார். மரணதேவன் வடக்கத்திய யமன் அல்ல, 'யமென்', அதாவது நம் எமன். அவன் ஊர் 'பாதலோன்'. சௌதே ஒரு வார்த்தை தமிழ் அறியாதவர். ஆனால் அவர் படித்த பயண நூல்களை, குறிப்பாகப் பிரெஞ்சுக்காரர் சொன்னெராவின் 1782-ஆம் ஆண்டு நூலை எழுதியவர்கள் நம் சோழமண்டலக் கரையில் நின்று காதால் கேட்டதை எழுதியவர்கள். எனவே நம் பாட்டிமார் பேசிய தமிழ் அந்த ஆங்கிலக் கவிதைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கதைக்கு வருவோம். கெகாமா என்பவன் ஒரு ராஜா. வேள்விகளும் தவங்களும் செய்து வரங்களாகக் குவித்து வைத்திருக்கிறான். அந்தக் கதையின் சட்டம் இது: தவம் செய்தவன் நல்லவனா கெட்டவனா என்று கேள்வி இல்லை, கணக்கு முடிந்தால் வரம் கொடுத்தே ஆக வேண்டும். வங்கியில் காசோலை நீட்டுவதுபோல். கெகாமாவுக்கு இன்னும் வேண்டியது ஒன்றே ஒன்று, சாகாமை. அவன் மகன் அர்வாலன் ஓர் ஏழைக் குடியானவனின் மகள்மேல் கை வைக்கப் போகிறான். அந்தப் பெண்ணின் பெயர் கைல்யால். தகப்பன் லதுர்லாத் அர்வாலனை அடித்துக் கொன்றுவிடுகிறான். கதை அந்த இளவரசனின் சவ ஊர்வலத்தில்தான் தொடங்குகிறது.

லதுர்லாதைக் கொல்வது கெகாமாவுக்குச் சுலபம். அவன் கொல்லவில்லை. அதைவிடக் கொடியதாக ஒன்றைச் செய்கிறான். சாகாதே என்று சபிக்கிறான். ஆயுதமும் நெருப்பும் வெள்ளமும் நோயும் முதுமையும் இவனை ஒன்றும் செய்யக் கூடாது. தண்ணீர் இவன் உதட்டைவிட்டு ஓட வேண்டும், காற்று இவன்மேல் படக் கூடாது, விளைச்சல் எதுவும் இவனுக்கு உதவக் கூடாது. நெஞ்சுக்குள்ளே ஓயாமல் தீ எரிய வேண்டும், தூக்கம் வரக் கூடாது. சாவைத் தேடிப் போனாலும் சாவு இவனைக் கண்டுகொள்ளக் கூடாது.

கவனியுங்கள். கெகாமா தனக்கு வரமாகக் கேட்பதும், எதிரிக்குத் தண்டனையாகக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் சாகாமை. தனக்கு வரப்போவது மட்டும் இனிக்கும் என்று அவன் நினைக்கிறான். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதைக் காட்டத்தான் இருபத்துநான்கு பகுதிகள்.

சாபம் விழுந்த அன்றே ஓர் அதிசயம் நடக்கிறது. கைல்யால் மாரியாத்தாளின் மரச்சிலையைக் கட்டிப்பிடித்தபடி ஆற்றில் விழுந்து அடித்துக்கொண்டு போகிறாள். தகப்பன் ஆற்றில் இறங்குகிறான். தண்ணீர் அவனைத் தொடக் கூடாதே! விலகி வழிவிடுகிறது. நடந்துபோய் மகளைத் தூக்கி வருகிறான். தன்னை வதைக்கும் அதே சாபத்தால் மகளைக் காப்பாற்றுகிறான்.

பிறகு மாவலிபுரம். கைல்யால்மேல் அன்பு வைத்த எரீனியா என்ற விண்ணக வாசியை ஒரு சூனியக்காரி பிடித்து, கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் மாவலியின் நகரத்தில் சங்கிலியால் கட்டிப்போடுகிறாள். அப்பனும் மகளும் நம் கரையில் வந்து நிற்கிறார்கள். அலைக்கு மேலே கோயில் உச்சிகள் தெரிகின்றன. சேம்பர்ஸ் கேட்ட கதை அப்படியே வந்து நிற்கிறது. மகளைக் கரையில் விட்டுவிட்டு லதுர்லாத் கடலுக்குள் நடக்கிறான். அலை பிளந்து வழிவிடுகிறது. கீழே வீதிகள், அரண்மனைகள், பழைய அரசர்கள் சிம்மாசனத்தில் அமர்த்தி வைக்கப்பட்டிருக்கும் கல்லறைக் கூடங்கள். அங்கே ஒரு கடல் பூதம் காவல் இருக்கிறது. நாள் கணக்கில் சண்டை நடக்கிறது. இவனிடம் பெரிய பலம் எதுவும் இல்லை. பூதத்துக்குக் களைப்பு வருகிறது, இவனுக்கு வருவதில்லை. பூதத்துக்குத் தூக்கம் வருகிறது, இவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடைசியில் பூதம் ஓய்ந்து விழுகிறது. கரையில் மகள் சாப்பிடாமல் கொள்ளாமல் கடலைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். சுனாமிக்குப் பிறகு நம் குப்பங்களில் அப்படிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்களைக் கண்டவர்களுக்கு அந்தப் பகுதியைக் கற்பனை என்று படித்துக் கடந்துபோக முடியாது.

கடைசிப் பகுதிக்கு 'அமிர்தம்' என்றே பெயர். கெகாமா தேவலோகத்தை வென்று, பாதாளத்துக்கு எட்டு வாசல் வழியாகவும் ஒரே நேரத்தில் படையெடுத்து வருகிறான். எமனின் சிம்மாசனத்தை மூன்று உருவங்கள் தாங்கி நிற்கின்றன. பேராசையைத் தொடங்கி வைத்தவன், கொடுங்கோலைத் தொடங்கி வைத்தவன், பொய் சொல்லி மக்களை ஏமாற்றிய முதல் பூசாரி. (மூன்றாவது ஆளைப் பற்றிப் படித்தபோது குருவாகிய எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகரத்தது.) நான்காவது பக்கம் காலியாக இருக்கிறது. கெகாமா அதைக் கவனிக்கவில்லை. அமிர்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிடுகிறான். அமிர்தம் பொய்க்கவில்லை, அவன் சாகாதவனாகிவிடுகிறான். ஆனால் லதுர்லாதின் நெஞ்சில் எரிந்த தீ இப்போது இவன் உடலுக்குள் எரிகிறது. அந்த நான்காவது இடத்தில் சிலையாக, என்றென்றைக்கும் நிற்கிறான்.

அதே கிண்ணத்தைக் கைல்யாலும் குடிக்கிறாள். அவளுக்கு அது விண்ணக வாழ்வாகிறது. கிண்ணம் ஒன்று, பானம் ஒன்று. குடித்தவர் எப்படிப்பட்டவரோ அதுவே நிலைத்துவிடுகிறது. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஆண்டவரின் கிண்ணத்தில் தகுதியற்ற நிலையில் பருகுவதைப் பற்றி எச்சரிக்கும் பகுதி உங்களுக்கு நினைவுக்கு வரலாம். எனக்கு வந்தது.

லதுர்லாதுக்கு என்ன கிடைத்தது? அமிர்தம் கிடைக்கவில்லை. சாவு கிடைத்தது. சாபம் நீங்கி, கண் மூட அனுமதி கிடைக்கிறது. கண்ணை மூடுகிறான், இறந்துபோன மனைவியோடு ஒன்றாகக் கண் விழிக்கிறான். கதையில் மிக நல்லவனுக்குக் கிடைத்த பரிசு ஒரு நல்ல தூக்கம்.

சௌதே இதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1803-இல் அவருடைய முதல் குழந்தை மார்கரெட் ஒரு வயதளவில் இறந்தாள். 1809-இல், கவிதை முடியும் ஆண்டில், எம்மா என்ற கைக்குழந்தை இறந்தாள். பின்னர் 1816-இல் ஒன்பது வயது மகன் ஹெர்பர்ட். எட்டுப் பிள்ளைகளில் நால்வரை அடக்கம் செய்த தகப்பன் அவர். மகளைக் காப்பாற்றுவதற்காகக் கடலையே பிளந்து நடக்கும் ஒரு தகப்பனை அவர் ஏன் கற்பனை செய்தார் என்று இலக்கியப் பேராசிரியர்கள் பல காரணம் சொல்லலாம். பிள்ளையை அடக்கம் செய்த பெற்றோருக்கு அருகில் நின்று செபம் சொல்லியிருக்கிற எனக்கு வேறு காரணம் தேட மனம் வரவில்லை.

அவருடைய முடிவும் அப்படித்தான். கடைசி ஆண்டுகளில் அவருக்கு நினைவு அழிந்துவிட்டது. 1840-இல் அவருடைய நெடுநாள் நண்பர், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பார்க்கப் போனபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. அவர் கிளம்பிய பிறகு சௌதே தம் நூலகத்தில் புத்தகங்களை இரண்டு கைகளாலும் குழந்தைபோல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் தேடிச் சேர்த்தவர். ஒன்றையும் படிக்க முடியவில்லை. 1843-இல் இறந்தார். சாக முடியாத ஒருவனை எழுதியவருக்குச் சாவு மூன்றாண்டு தாமதமாக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் மறை இதைப்பற்றி என்ன சொல்கிறது? தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தில், மனிதர் வாழ்வின் மரத்திலிருந்தும் பறித்து உண்டு என்றென்றும் வாழ்ந்துவிடாதபடி கடவுள் அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்பிவிடுகிறார். சுடர்வாளோடு கெருபுகளைக் காவல் வைக்கிறார். குருமடத்தில் முதலாண்டு படிக்கும்போது இதைத் தண்டனை என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகுதான் திருச்சபைத் தந்தையரைப் படித்தேன். இரண்டாம் நூற்றாண்டு லியோன் நகர் ஆயர் புனித இரேனியு இதை இரக்கம் என்கிறார். பாவக் காயத்தோடு மனிதன் என்றென்றைக்கும் அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கடவுள் அந்த மரத்தை எட்டாமல் வைத்தார் என்பது அவர் விளக்கம். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோசியார், தம் உடன்பிறந்த சத்தீரு இறந்தபோது ஆற்றிய உரையில் இன்னும் துணிந்து பேசுகிறார். சாவைக் கடவுள் முதலில் படைக்கவில்லை. ஆனால் மனித வாழ்வு துன்பத்தால் நைந்துபோனபோது அதற்கு மருந்தாகக் கொடுத்தார். அருள் இல்லாத சாகாமை ஒரு சுமையே என்கிறார். சொந்தச் சகோதரரை இழந்த துயரத்தில் சொன்ன வார்த்தை என்பதால் அதற்கு எடை கூடுதல். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இந்த உரையை எடுத்துக்காட்டி, நமக்கு உண்மையிலேயே முடிவில்லாமல் வாழ ஆசையா என்று நேராகவே கேட்கிறார். இதே வாழ்க்கை, இதே சலிப்பு, இதே பொறாமை, முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போனால்? அது கெகாமாவின் அமிர்தம்.

பீடச்சிறுவர்கள் திரைப்படமாகப் பார்த்திருக்கும் மோதிரக் கதையை எழுதிய டோல்கீன் நம் கத்தோலிக்கர். சிறுவயதில் தாயை இழந்து, பர்மிங்காமில் ஒரு குருவின் பாதுகாப்பில் வளர்ந்தவர். 1916-இல் சோம் போர்க்களத்தில் நண்பர்களை இழந்தவர். தம் கதையின் உண்மையான பொருள் அதிகாரம் அல்ல, சாவும் சாகாமையுமே என்று 1956-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் படைத்த உலகில் சாகாத இனம் உலகத்தோடு கட்டுண்டு சலித்துப்போகிறது. மனிதருக்குச் சாவு, கடவுள் தந்த கொடையாக இருக்கிறது. அந்தக் கொடையை வெறுத்துச் சாகாமையைத் தேடிப் படையெடுத்த அரசர்களின் தீவு கடலில் மூழ்கிவிடுகிறது. மாவலிபுரத்துக் கதையை அவர் நினைத்தாரா என்று கேட்காதீர்கள். சாவை ஏற்காத ஊரைக் கடலில் மூழ்கவிடுவது கதை சொல்பவர்களுக்குப் பழைய பழக்கம்.

நம் தமிழிலும் ஓர் ஊர் மூழ்குகிறது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினம் கடலுக்குள் போகிறது. ஆனால் அந்தக் காப்பியத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு கிண்ணம். அதன் பெயரே அமுதசுரபி. அமுதம் என்றால் என்ன நினைப்போம்? குடித்தவன் சாகாமல் இருக்கும் பானம். சாத்தனார் அந்தச் சொல்லையே வேறாக்கிவிட்டார். இவருடைய அமுதக் கிண்ணத்திலிருந்து வருவது சோறு. அதுவும் வைத்திருப்பவனுக்காக அல்ல, பசித்தவனுக்காக. ஆபுத்திரன் என்ற அநாதை இளைஞனிடம் அது கிடைக்கிறது. மதுரையில் ஏழைகளுக்கு அள்ளி அள்ளிப் போடுகிறான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. மழையைப் பெய்வித்து நாட்டில் பசியே இல்லாமல் செய்துவிடுகிறான். ஆபுத்திரனிடம் வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விடுகிறது. யாருமற்ற தீவு, கையில் வற்றாத சோறு. அவன் தின்றுகொண்டே நூறு ஆண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பிறருக்கு உதவாத கிண்ணம் எனக்கு எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலிருந்து உயிர் விடுகிறான்.

உயிரை நாமே முடித்துக்கொள்வதைத் திருச்சபை ஏற்பதில்லை; அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கதை கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. எத்தனை நாள் இருந்தாய் என்று அது கேட்கவில்லை. யாருக்காக இருந்தாய் என்று கேட்கிறது. லதுர்லாதும் அதனால்தான் தீயோடு நடக்க முடிந்தது. கரையில் ஒருத்தி காத்திருந்தாள். கெகாமாவுக்கு யாரும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் கொடிய விலங்குகளுக்கு இரையாக்கப்பட்ட அந்தியோக்கு இஞ்ஞாசியார் நற்கருணையைச் சாகாமையின் மருந்து என்ற பொருளில் எழுதியவர். அதே பயணத்தில், என்னைக் காப்பாற்ற முயலாதீர்கள் என்று உரோமைக் கிறிஸ்தவர்களைக் கெஞ்சி எழுதியவரும் அவரே. சாகாமையின் மருந்தை நம்பியவர் சாவைத் தள்ளிப்போட முயலவில்லை. நம் தோமையார் மலை திருத்தூதரும், இயேசு லாசரைப் பார்க்க யூதேயாவுக்குக் கிளம்பியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று மற்ற சீடரை அழைத்தவர் என்று யோவான் எழுதுகிறார். அவரை நாம் ஐயப்பட்டவராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

கதையை விட்டுக் கொஞ்சம் தரைக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் இன்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. நல்லதுதான், பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் இரவில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "சாமி, அப்பாவுக்கு மூச்சு இயந்திரம் வச்சிருக்காங்க. டாக்டர் இனி முன்னேற்றம் இல்லன்னு சொல்றார். நிறுத்தச் சொன்னா பாவமா? மனைய வித்துடலாமான்னு அண்ணன் கேக்குறார்." அந்தக் குரலில் இருக்கும் பயம் பணத்தைப் பற்றியது அல்ல. தகப்பனைத் தானே கொன்றுவிட்டோம் என்று நாளைக்கு மனம் சொல்லுமோ என்ற பயம்.

அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பரில் மருத்துவர்களிடம் பேசும்போதே இதைத் தெளிவாக்கிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2278-ஆம் எண்ணிலும் இருக்கிறது. உயிரைப் பறிப்பது வேறு, சாவைத் தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொள்வது வேறு. பலனுக்குச் சற்றும் பொருந்தாத, நோயாளிக்குப் பெரும் சுமையாகிற சிகிச்சையை நிறுத்தலாம். அது கொலை அல்ல. நிறுத்தக் கூடாதவை வேறு: ஒரு வாய் தண்ணீர், உணவு, வலிக்கு மருந்து, சுத்தமான துணி, பக்கத்தில் ஒரு ஆள். நோயில்பூசுதலுக்கு எங்களைச் சீக்கிரம் கூப்பிடுங்கள். சாமியாரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார் என்று மூச்சு நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். அப்பா பயப்பட மாட்டார், பயப்படுகிறவர்கள் நீங்கள்.

சுனாமியைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. அலை வருமுன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது வரிசையாகக் கற்களைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு தொல்லியல் துறையினர் கடற்கரைக் கோயில் பகுதியில் தேடி, பழைய கட்டுமானங்களின் எச்சங்களைக் கண்டார்கள். மாவலியின் நகரம் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் பரபரப்பாக எழுதின. அதே சில நிமிடங்களில் கற்களைப் பார்க்க நேரமில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. தூக்க முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்களிடம் போய், சாவு கடவுள் தந்த மருந்து என்று அம்புரோசியாரை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அம்புரோசியாரும் அந்த உரையில் முதலில் அழுதுவிட்டுத்தான் பேசுகிறார். இலாசரின் கல்லறையில் ஆண்டவரும் அழுதார். அகாலச் சாவு வேறு, நிறைந்த வயதில் வரும் சாவு வேறு. இரண்டுக்கும் ஒரே மறையுரையைச் சொல்லும் குரு எதையும் அடக்கம் செய்திராதவராக இருப்பார்.

பாட்டியிடம் திரும்பி வருகிறேன். அடுத்த முதல் வெள்ளி யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துப்போனேன். உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டுக் கொடுக்கும் அதிகாரம். அதன் முடிவில் பேதுரு, அன்புச் சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். நான் வரும்வரை அவன் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினால் உனக்கென்ன என்ற பொருளில் ஆண்டவர் பதில் சொல்கிறார். அதைக் கேட்டு, அந்தச் சீடர் சாகவே மாட்டார் என்று சகோதரர்கள் நடுவே பேச்சுப் பரவிவிட்டது. நற்செய்தி ஆசிரியர் அங்கேயே அதைத் திருத்துகிறார்: இயேசு அப்படிச் சொல்லவில்லை. ஒரு நற்செய்தியின் முடிவில் வதந்திக்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த ஆசை எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும்! திருத்திய பிறகும் அது போகவில்லை. எபேசில் யோவானின் கல்லறையில் அவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார், மூச்சு விடுகிறார், அதனால் மேலே மண் அசைகிறது என்று தம் காலத்தில் நம்பியவர்கள் இருந்ததைப் புனித அகுஸ்தினார் யோவான் நற்செய்தி விளக்கத்தில் குறிப்பிடுகிறார். ஆண்டவரின் மார்பில் சாய்ந்த ஒருவராவது சாகாமல் இருக்கட்டுமே என்று நம் முன்னோருக்கு ஆசை.

இதையெல்லாம் பாட்டிக்கு என் பாணியில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அப்ப யோவான் செத்துட்டாரா சாமி?"

"ஆமா பாட்டி. நல்லா வயசாகி, செத்துட்டார்."

"நல்லதாப் போச்சு" என்றார் பாட்டி. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, சாமிக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.